முதல்காட்சிவெறியர்

சினிமா ரசிகர்கள் இணையத்தில் குழு சேர்த்து எழுதத் தொடங்கியிருந்த காலம். திருப்பூரில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட்டில் நான் ஆர்ட்வொர்க் போட்டுக்கொண்டிருந்தேன். எக்ஸ்போர்ட் ஆர்டரில் ஆங்கில எழுத்துதான் வரும். அனுப்பியதை அப்படியே பதிப்போம். அர்த்தம் எங்கள் கவலையில்லை.

சோமனூரிலிருந்து கனகராஜ் வந்தார். தறி ஓட்டுபவர். ஒரு நடிகருக்கு இணையத்தில் ரசிகர் குழு நடத்தினார். வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ். நாற்பது டீ-ஷர்ட் வேண்டும். நெஞ்சில் பதிக்க, குழுவில் எல்லோரும் எழுதிக்கொள்ளும் ஒரே சொல்லைக் கொடுத்தார்: முதல்காட்சிவெறியர்.

அது ஸ்கிரீன் பிரேமின் அகலத்துக்குள் அடங்கவில்லை. இரண்டு வரியாக்கினேன். மேலே பெரிதாக ‘முதல்’, கீழே ‘காட்சிவெறியர்’. எடுப்பாக இருந்தது. யாரையும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை கனகராஜ் ஒன்றை விரித்துப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, இதுல யாருங்க முதல்?”

“புரியலீங்கண்ணா.”

“முதல்காட்சிக்கு வெறியா இருக்கறவங்கன்னு நாங்க எழுதறமுங்க. நீங்க முதல் வெறியர்னு போட்டுட்டீங்க. நாப்பது பேரும் முதல் ஆளுன்னு போய் நின்னா சிரிக்க மாட்டாங்களா?”

எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. பிறகு எங்கே தப்பு? செக்கிங்கில் இருந்த மதுரைக்காரி செல்வியிடம் காட்டினேன்.

“முதல் போட்டு படம் எடுத்தவுகன்னுல்ல நெனச்சேன்” என்றாள்.

வேறு டீ-ஷர்ட் வாங்கிப் பதிக்க நேரமில்லை. முதலாளியிடம் தப்பை ஒப்புக்கொண்டு, வேறு ஸ்கிரீன் போட்டு, அதே டீ-ஷர்ட்களின் முதுகில் ‘முதல்காட்சி’, அதன்கீழ் ‘வெறியர்’ என்று பதித்துக் கொடுத்தேன். கனகராஜ் முகம் தெளியாமலே வாங்கிப்போனார்.

சனிக்கிழமை போன் செய்தார்.

“போட்டோவக் குழுவுல போட்டனுங்க. முன்னாடி இருக்கறது சரியா, பின்னாடி இருக்கறது சரியான்னு ஒரே சண்டைங்க. பாதிப்பேரு முன்னாடி இருக்கறதே போதும்னு சொல்றாங்க.”

“உங்களுக்கு எதுங்கண்ணா வேணும்?”

“அதுதானுங்க எனக்கும் தெரியல.”

அதற்குப் பிறகு இப்படிச் சேர்த்தெழுதிய சொல் எது வந்தாலும், கொண்டுவந்தவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். நிறுத்துகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். இரண்டு பேர் வந்தால் தனித்தனியாகப் படிக்க வைப்பேன். பல தடவை கோடுகள் வேறு வேறு இடத்தில் விழும். உடனே ஸ்கிரீன் போட மாட்டேன். வெளியே போய் டீ குடித்து, பேசி முடிவு செய்துவிட்டு வரச் சொல்வேன்.