பிரிக்காத மூட்டை

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளுக்கு அந்தத் தற்காலிகக் குடியிருப்பில் மூட்டைக்காரி என்று பெயர். வந்து எத்தனையோ மாதமாகியும் மூட்டையைப் பிரிக்கவில்லை. சமைத்த சட்டியைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் அதில் திணித்துவிடுவாள். யாராவது கதவைத் தட்டினால் ஒரு கை மகளைத் தேடும், மறு கை மூட்டையைத் தேடும். சூடு கண்ட பூனை, வேறென்ன செய்யும்? பழைய வீட்டுக்காரன் சாமான்களைத் தெருவில் வீசியபோது பாதியை மழை கொண்டுபோனது. இனி யார் போகச் சொன்னாலும் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டவேண்டியதுதான் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்குதான் காலை வாரியது. ஆள் தங்காத அறையைக் காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். வார்டன் அம்மா அறை அறையாகப் பார்க்க வந்த அன்று அவள் வேலையில் இருந்தாள். பக்கத்து அறைத் தையல்காரி போன் போட்டாள். மூட்டைக்காரியின் அறைக்கு மாற்றுச்சாவி அவளிடம்தான் இருந்தது.

"ஏய், ஓடி வா! வார்டன் வந்தாச்சு. உன் ரூம் ஈ காக்கா இல்லாத மாதிரி இருக்குடி!"

இஸ்திரிப்பெட்டியை அணைத்தோமா என்ற குழப்பத்தோடேயே ஓடினாள். வந்து பார்த்தால் தன் அறையே அடையாளம் தெரியவில்லை. ஜன்னல் நிறையத் துணிகள், அடுப்பில் கொதிக்கும் சட்டி, மூலையில் தையல் மெஷின். வார்டன் தலையாட்டினார்.

"பரவால்லயே, நல்லாத்தான் குடும்பம் நடத்துற."

அவளுக்கு உயிர் வந்தது. தையல்காரிக்கு அப்போதுதான் உயிர் போனது. அவசரத்தில் தன் அறையைத் துடைத்து எடுத்து இங்கே கொட்டியிருந்தாள். அடுத்தது அவள் அறை! உபகாரம் செய்யப் போய்த் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட புண்ணியவதி.

"என் ரூம் சாவியை எங்க வச்சேன்னே தெரியலம்மா," என்று தையல்காரி இடுப்பைத் துழாவினாள். சாவி அவள் கையில்தான் இருந்தது.

மூட்டைக்காரி மூட்டையோடு பின்பக்கம் ஓடினாள். தையல்காரியின் பின்கதவு சும்மா சாத்தியிருந்தது. முடிச்சோ இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அவிழ்த்துவிட்டால் மறுபடி கட்ட நேரம் கிடைக்காதே என்று தோன்றியது. இருந்தும் அவிழ்த்தாள். சட்டியை அடுப்பில் ஏற்றி, பாயை விரித்து, மகளின் கவுன்களை ஆணிகளில் மாட்டிவிட்டு வெளியே வருவதற்கும் முன்கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது.

"நீயும் உன் வீட்டுக்காரரும்தானே இருக்கீங்க? ஏது சின்னப் புள்ள துணி?"

"தைக்கக் குடுத்ததும்மா," என்றாள் தையல்காரி. மெஷின் பக்கத்து அறையில் நிற்பது வார்டனுக்கு உறைக்கவில்லையோ, உறைத்தும் கேட்கவில்லையோ, போய்விட்டார்.

இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் மூட்டைக்காரி அழுதாள். தன் துணிகளை வெளிச்சத்தில் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"அழாதடி. வா, திரும்பக் கட்டித் தரேன்."

மூட்டைக்காரியின் கால் இன்னும் வாசல் பக்கமே பரபரத்தது. கவுன்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வேணாம்க்கா. சுத்தியல் இருந்தா குடு. என் ரூம்ல ஒரு ஆணிகூட அடிக்கல."