ரொஹானியின் மூக்கும் துணை விமானியின் சாக்ஸும்

வலது நாசியை விரலால் அடைத்துக்கொண்டு இடது நாசியால் இழுக்கிறார். பிறகு மாற்றி அடைத்து, மறுபடியும். மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தில் பணக்காரர்களின் குட்டி ஜெட் எது கொட்டகைக்குள் வந்து நின்றாலும் ரொஹானி இஞ்சினீயர் முதலில் ஏறி முகர்ந்துதான் பார்ப்பார். டார்ச் லைட்டெல்லாம் அப்புறம்தான்.

ஐம்பத்திரண்டு வயது. குள்ளம். தலையைச் சுற்றிய துடோங் துணியின் ஓரத்தில் எப்போதும் ஒரு விரலகலத்துக்கு கிரீஸ் இருக்கும். காலை பத்து மணிக்கு முன் காரமான மிளகாய்ச் சம்பலைத் தொடமாட்டார், மூக்கு மழுங்கிவிடுமாம். அவர் இருக்கும் இடத்துக்கு யாரும் வாசனை பூசிக்கொண்டு வரக்கூடாது. சீனப் புத்தாண்டு முடிந்து புது சென்ட் மணக்க வந்த ஸ்டோர்கீப்பர் தியோவை, "வெயில்ல போய் நில்லு. ஆவியானதும் வா" என்று துரத்திவிட்டார். அந்த மனிதர் பாவம், அரை மணி நேரம் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இஞ்சினுக்குள் சுழலும் தண்டைச் சுற்றி, எண்ணெய் வெளியே போகாமல் காவல் காக்கும் கரி வளையம் ஒன்று உண்டு. சீல் என்பார்கள். அது தேய்ந்தால் எண்ணெய் மெல்லக் கசிந்து, பயணிகளுக்குப் போகும் காற்றில் கலந்துவிடும். "கண்ணுக்குத் தெரியறப்போ காரியம் கெட்டிருக்கும். மூக்குக்கு ஒரு மாசம் முன்னாடியே தெரியும்" என்பது ரொஹானியின் கட்சி. இஞ்சினின் பின்வாயைத் துடைத்துப் பார்க்க அவர் கொண்டுவருவது கணவரின் வெள்ளை பனியன்கள். அவை கிழியும்வரை காத்திருக்கும் பொறுமை அவருக்கு இல்லை.

கசிந்த எண்ணெய் எப்படி நாறும் என்று கேட்டால் சட்டென்று சொல்வார்: "மூணு நாள் போட்ட சாக்ஸ்."

வம்பே அதில்தான் வந்தது. டத்தோ பட்டம் வாங்கிய பணக்காரர் ஹம்டானின் விமானத்தில் பால் வெள்ளைக் கம்பளம். வீட்டுக்குள் நுழைவதுபோல எல்லோரும் படியடியிலேயே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். விமானிகளும் அதில் அடக்கம். ஆகவே, கிளம்பும்போதெல்லாம் உள்ளே சாக்ஸ் நாற்றம் அடிக்கத் தொடங்கியதும் டத்தோ அதிகம் யோசிக்கவில்லை. துணை விமானி ஃபைருஸின் கால்களைப் பார்த்தார். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான ஃபைருஸ் வேளைக்கு இரண்டு தடவை கால் கழுவினார், பவுடர் போட்டார், ஒரு டஜன் புது சாக்ஸ் வாங்கினார். நாற்றம் அசையவில்லை. மகளின் நிச்சயதார்த்தத்துக்காக கோத்தா பாரு நகருக்குக் கிளம்பிய காலையில் டத்தோ படியடியில் நின்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் நாறுச்சுன்னா நாளையிலேருந்து நீ வரவேணாம்."

அதைக் கேட்டுக்கொண்டே ரொஹானி உள்ளே போனார். திரும்பி வந்தார்.

"டத்தோ, இது காலு இல்ல. சீலு."

"ஏம்மா, சாக்ஸ் நாத்தம் எனக்குத் தெரியாதா?"

"அது தெரியும் டத்தோ. எண்ணெ நாத்தம்தான் தெரியாது."

எல்லோரையும் காலணி, சாக்ஸ் சகிதம் தூரப் போகச் சொன்னார். தானே உட்கார்ந்து இடது இஞ்சினை மட்டும் ஓட்டி, அதன் காற்றை மட்டும் உள்ளே விட்டார். பத்து நிமிடம், ஒன்றுமில்லை. அதை அணைத்துவிட்டு வலதை ஓட்டினார். ஐந்தாவது நிமிடமே சாக்ஸ் வந்துவிட்டது. காற்றுத் துளையில் கட்டியிருந்த பனியன் துண்டும் மஞ்சளித்திருந்தது. இஞ்சின் நின்றதும், சூடு ஆறுவதற்குள் எண்ணெய் மட்டத்தைப் பார்த்தார். ஆறிவிட்டால் எண்ணெய் வடிந்து மட்டம் பொய் சொல்லும். குறைந்துதான் இருந்தது. முன்விசிறி இதழ்களின் அடியில் தடவினால் விரல் வழுக்கியது.

"பறக்காது" என்றார். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்மா!"

"பதினொன்றரைக்கு டிக்கெட் வாங்கிப் போற விமானம் இருக்கு டத்தோ. அதுல செருப்போடயே ஏறலாம்."

கொட்டகையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். டத்தோவின் முகம் சிவந்தது. விட்டுக்கொடுக்க மனமில்லை.

"சரி, இஞ்சின்லயும் இருக்கட்டும். அதுக்காக இவன் காலு மணக்குதுன்னு ஆயிடுமா?"

ஃபைருஸ் தலையைக் குனிந்துகொண்டார். ரொஹானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, ஒரு சாக்ஸக் கழட்டு."

"வேணாம்க்கா. காலையிலேருந்து போட்டிருக்கேன்."

"அதான் வேணும். கழட்டு."

சம்பலுக்குக்கூடக் காட்டாமல் காப்பாற்றி வைத்திருந்த மூக்கில் ரொஹானி அந்தச் சாக்ஸை அழுத்திவைத்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். தியோ வாயைப் பொத்திக்கொண்டார். முகம் சுளிக்காமல் கண்ணைத் திறந்தவர், இரண்டு அடி முன்னே போய், அதை டத்தோவின் மூக்குக்கு நேராக நீட்டினார்.