வாசல் கல்லில் ஒரு சொட்டு

எண்ணெய் எனக்கு அருவருப்பு இல்லை. நகக்கண்ணில் அது இல்லாத நாளே கிடையாது. எனக்குக் குமட்டிக்கொண்டு வருவது சிலிக்கான் பசை. ஓசூரில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பாதிப் பேர் வீட்டில் அந்த டியூப் ஒன்று கிடக்கும். இன்ஜினில் எங்கே ஈரம் தெரிந்தாலும் அங்கே பிதுக்கி, விரலால் தடவி விட்டு, வேலை முடிந்தது என்று கையைக் கழுவிவிடுவார்கள். உள்ளே போன பசை துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து எண்ணெய் ஓடும் துளையை அடைக்கும். அப்புறம் பாகலூர் ரோட்டில் இருக்கும் என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்து, தமிழில் ஒருவர், கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருவர், எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: பழைய வண்டி என்றால் ஒழுகத்தானே செய்யும்? இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப் பசை அப்பிய வண்டிகளிலேயே கேவலமானது என் தங்கை வீட்டுக்காரருடையது. வலது காலில் கியர் போடுகிற பழைய வண்டி. மாப்பிள்ளைக்கு சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அங்கே எல்லோரும் பழைய வண்டி வாங்குகிறார்கள் என்று இவரும் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தங்கையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அஞ்செட்டி வழியாக நாட்றாம்பாளையத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்வருவார்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலை வளைவில் பின் சக்கரம் வழுக்கி இருவரும் விழுந்தார்கள். அவருக்குச் சிராய்ப்பு. தங்கைக்கு முழங்காலில் தையல். "டயர்ல ஏதோ பிசுபிசுன்னு இருந்துச்சுண்ணா" என்று போனில் அழுதாள். இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் பள்ளம். அந்த டயரை நானே போய்ப் பார்த்தேன். எண்ணெயில் குளித்திருந்தது. வண்டியை ஷெட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

இன்ஜினின் ஒவ்வொரு இணைப்பிலும் சிவப்புப் பசை, அதன்மேல் கறுப்புப் பசை, அதன்மேல் தூசி. மாட்டின் காதில் உண்ணி ஒட்டியிருப்பது போல இருந்தது. சுரண்டச் சுரண்ட வந்தது. சுரண்டிக்கொண்டே மாப்பிள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு டீசல் ஊற்றிக் கழுவி, துடைத்துக் காயவைத்து, இன்ஜின் முழுக்க முகப் பவுடரைத் தூவினேன். இதுதான் கசிவு பிடிக்கும் வழி. கொஞ்ச தூரம் ஓட்டி வந்து பார்த்தால், எங்கே பவுடர் முதலில் நனைகிறதோ அங்கேதான் ஓட்டை. கீழே சொட்டுகிற இடத்தைப் பார்த்து ஓட்டையைத் தேடுகிறவன் ஏமாந்துபோவான். காற்று எண்ணெயை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும்.

பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பினேன். பவுடர் எல்லா இடத்திலும் ஒன்றாக நனைந்திருந்தது. மேல் மூடி, பக்க மூடி, செயின் பக்கத்து சீல், ஒன்று பாக்கியில்லை. எனக்கு உடனே சந்தேகம் வந்தது. மூடிகளுக்கு இடையில் வைக்கிற கேஸ்கட் எல்லாம் ஒரே நாளில் சாகாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது உள்ளே அழுந்துகிற காற்று வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு. அது இன்ஜினின் மூக்கு. மூக்கை அடைத்தால் காற்று எண்ணெயையும் தள்ளிக்கொண்டு கிடைத்த சந்தில் எல்லாம் வெளியே வரும். குழாயைத் தடவிக்கொண்டே போனேன். நுனியில், மாட்டுக்கு ஊசி போடுகிற மருந்துப் புட்டியின் ரப்பர் மூடி. சும்மா செருகவில்லை. டேப் சுற்றி, கிளிப் போட்டு முறுக்கியிருந்தது. மூடியை இழுத்தேன். உள்ளே அடைந்திருந்த எண்ணெய் என் முகத்திலேயே துப்பியது.

மாப்பிள்ளையை வரச்சொன்னேன். மூடியை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது யாரு வேலை மாப்ள?"

"வாசல்ல சொட்டுது மச்சான். புதுக் கல்லு. கறை புடிச்சா போவாது" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அவர் புது வீட்டு வாசலில் பாலிஷ் போட்ட கிரானைட். எங்கள் மாவட்டத்துக் கல். வெளிநாட்டுக்குப் போகிற கல் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அந்தக் கல்லின்மேல் அந்தக் குழாயிலிருந்து ஒரு நாளைக்கு ஓரிரு சொட்டு விழும். அவ்வளவுதான். அதற்காக என் தங்கையை மலை வளைவில் உருட்டியிருக்கிறார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மூடியைத் திரும்ப வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வண்டியை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். இன்ஜின் மூடிகளின் முகத்தைக் கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்து மட்டமாக்கி, காகித கேஸ்கட் வெட்டிப் போட்டு, சீல் மாற்றி, அந்த ரப்பர் குழாயை டயருக்கு எட்டாமல் பின்னால் நீட்டினேன். மறுபடி பவுடர் தூவி ஓட்டினேன். பவுடர் அப்படியே உலர்ந்திருந்தது. சனிக்கிழமை நானே வண்டியைக் கொண்டுபோய் அந்தக் கல்லின்மேல், நடுவில், வேண்டுமென்றே நிறுத்தினேன்.

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

தங்கை உள்ளேயிருந்து நொண்டிக்கொண்டே வந்தாள். கையில் துணி. தையல் போட்ட காலை மடக்க முடியாமல், ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சொட்டைத் துடைத்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூடி எங்கண்ணா?" என்றாள்.

"எதுக்கு?"

"நான்தான் அடைக்கச் சொன்னேன். பாவம், அவர் வேணாம்னுதான் சொன்னார். தினமும் துடைச்சுத் துடைச்சு முடியலண்ணா. மாட்டிக் குடுத்துட்டுப் போ."

இத்தனை நாள் யாருக்காக மாப்பிள்ளையைத் திட்டினேனோ அவள் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி தொலைந்துவிட்டது என்றேன். அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. வேறொன்று தேடிக்கொள்ள அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மாப்பிள்ளையின் அம்மா வீட்டு மாட்டுக் கொட்டகையில் புட்டிகளுக்கா பஞ்சம்?

"ஞாயித்துக்கிழமை பஸ்ல போங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பித் திரும்ப ஓட்டி வந்துவிட்டேன்.

வண்டி இன்னும் என் ஷெட்டில்தான் நிற்கிறது. மண் தரை, சொட்டுவது அங்கேயே ஊறிவிடுகிறது. போன வாரம் தங்கை போன் செய்தாள். கால் இன்னும் சரியாக மடங்கவில்லையாம். வாசல் மட்டும் முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம்.