கடல் கொண்டுபோகாத கல்

என் மூத்த சகோதரர் காக்காவின் நினைவாகப் படித்தவர்கள் எழுதியிருக்கும் இந்த மலரில், ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட நானும் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடினால் பின்வரிசையில் நிற்பவன் நான். ஆனால் காக்காவின் தீட்டுக்கல்லைச் சுனாமி கொண்டுபோய்விட்டது என்று நாற்பதாம் நாள் கத்தம் ஓத வந்தவர்கள்கூடப் பேசிக்கொண்டார்கள். அது சரியில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் அவருடைய தம்பியாகிய நான்தான்.

காக்கா மாவடிப்பள்ளியில் பிறந்தார். வாப்பா நேரத்தோடு மௌத்தானதால் பதினான்கு வயதில் கல்முனைக்கு வந்து சலூன் வேலை பழகினார். பிறகு கடற்கரைப் பக்கம் சொந்தக் கடை போட்டார். உம்மாவையும் என்னையும் அவர்தான் பார்த்தார். கடைக்குப் பின்னால் எனக்கு ஒரு வீடும் கட்டித் தந்தார். அவருடைய நாற்காலியில் இருந்தவர் சொன்ன கதை கடை வாசலைத் தாண்டி வெளியே போனதில்லை.

பெரியவர்களுக்கு அவர் பிளேடு பூட்டும் கத்தியைப் பாவித்தார். பிறந்த பிள்ளைகளுக்கு ஏழாம் நாள் முடி இறக்க மட்டும் பழைய சவரக் கத்தி. "பிளேடு தன்ட பாட்டுல போகும். இது என்ட கைக்கு அடங்கும்" என்பார். அந்தக் கத்தியைத் தினமும் தோல்வாரில் இழுப்பார். மாதத்துக்கு ஒருமுறைதான் கல்லில் தீட்டுவார். கல் சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். கொழும்பில் ஒரு பழைய கடையில், அரை நாள் இருந்து பார்த்து வாங்கியது.

சுனாமிக்கு முந்திய வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். இறைச்சி வெட்டும் கத்தி மொட்டையாக இருந்தது. காக்கா ஜும்ஆவுக்குக் குளிக்கப் போயிருந்தார். நான் கடைக்குள் போய்க் கல்லை எடுத்து அந்தத் தடித்த கத்தியைத் தீட்டினேன். ஈரத்தில் கல் வழுக்கிச் சீமெந்துத் தரையில் விழுந்து இரண்டானது. துண்டுகளைத் துணியில் சுற்றி என் வீட்டுக் கிணற்றில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது.

உம்மா அன்றுதான் மௌத்தானார். என் வீடும் கடையும் போயின. கிணறும் மண் மூடிப்போயிற்று. கத்தியும் தோல்வாரும் காக்காவின் வீட்டில் இருந்ததால் தப்பின. முகாமில் வைத்து அவர், "கல்லும் போயிட்டு மனே" என்றார். நான் "ஓம் காக்கா" என்றேன். அன்று பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு நாள் போகப் போக இன்னும் வரவில்லை.

அதன்பின் காக்கா கல் தேடினார். கல்முனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று போனார். கிடைத்ததெல்லாம் அரிவாளுக்கு ஆகும் கல். நிவாரணத்தில் வந்த ஒரு பெட்டியிலும் கல் இருந்தது. அதில் தீட்டிய கத்தியை நனைத்த பெருவிரல் நகத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தார். நல்ல முனையென்றால் வழுக்கிக்கொண்டு போகும். இது நறநறத்தது. பெட்டியை மூடிவிட்டார். பிள்ளைகளுக்கு முடி இறக்கக் கூப்பிட்டவர்களிடம் "எனக்கு ஏலாது, வேற ஆளப் பாருங்க" என்று சொன்னார். பெருமை கூடிவிட்டது என்று சிலர் கதைத்தார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்த வருடம் என் மகளுக்கு முதல் பிள்ளை கிடைத்தது. "இந்தப் புள்ளட முடிய நான்தான் இறக்குவன்" என்று சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு காக்கா கொழும்புக்குப் போனார். புறக்கோட்டைக் கடையொன்றில் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். வெடிப்பு இருந்தால் சத்தம் அடைக்கும். தண்ணீர் விட்டு எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று பார்த்தார். கத்தியைத் தீட்டி நகத்தில் வைத்தார்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன நானா, கல்லு வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?"

"மாப்பிள்ளை பிழைச்சா கதைச்சுத் தீர்க்கலாம் தம்பி. கல்லு பிழைச்சா புள்ளட தலையிலல்லவா காயம்" என்றார் காக்கா.

ஒன்றும் சரிவரவில்லை. வெறுங்கையோடு ஊருக்கு பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் நடந்ததை எழுதுமுன் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். பிறகு எனக்கு எழுத வராது. காக்கா சென்ற வருடம் சலரோகம் முற்றி இரண்டு மாதம் பாயில் கிடந்தார். கண் மூடும்வரை அவரைத் திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்த அவருடைய மனைவி, எங்கள் மச்சிக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், அடக்கம் செய்ய மழையிலும் மையவாடி வரை வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முடி இறக்க வரவில்லையென்று காக்காவின்மேல் மனக்குறை உள்ளவர்கள் அல்லாஹ்வுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். குறை என்னுடையது.

மகியங்கனை தாண்டும்போது காக்கா சொன்னார்: "கடல் உம்மாவ எடுத்தது, கடைய எடுத்தது. அது அல்லாஹ்ட நாட்டம். அந்தக் கல்லயாவது விட்டிருக்கலாம்."

"காக்கா, அதக் கடல் எடுக்கல்ல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தின துண்டு?"

"ரெண்டு."

"சரி பாதியாவா?"

"ஓம்."

"சவரக் கத்திக்கு அரவாசிக் கல்லே போதுமேடா" என்றார். "எனக்கு ரெண்டு கல்லு ஆகியிருக்குமே."

கல்முனையில் பஸ் நின்றதும் தன் பையை எடுத்துக்கொண்டு தனியாக நடந்து போனார். நான் வீட்டுக்குப் போய், "நாளைக்கு முடி இறக்கப் பெரியவாப்பா வரமாட்டார், வேற ஆளப் பாப்பம்" என்று மகளிடம் சொன்னேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் காக்கா வந்தார். புதுப் பிளேடு பூட்டிய கத்தியால் பிள்ளைக்கு முடி இறக்கினார். தலையைப் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்.