ஜூலை மாதத்துப் புல்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, லக்ஷ்மிபாய் நகரில் நாளிதழும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. "அங்கிள், அம்மா நேத்து போயிட்டாங்க. உங்க நம்பர் டைரியில இருந்துச்சு" என்றாள் கோமதி மேடத்தின் மகள். நாளிதழை மடித்து வைத்தேன்.

நம் தமிழ்ச் சங்க இதழைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை நவராத்திரிக் கொலுவில் பாடுபவராகத் தெரியும். எனக்கு அவர் தொல்லியல் ஆய்வாளர். தொண்ணூறுகளில் நான் சாலைப் பொறியாளன். சாலையோ பாலமோ வரப்போகும் பாதையில் பழங்காலத் தடயம் ஏதும் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஜீப்பில் ஏறவே மாட்டார், முழுத் தூரமும் நடைதான். டிரைவர் "மேடம், ஜல்தி" என்று ஹார்ன் அடித்தால், "தும் சாய் பியோ, பையா" என்று அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் குனிந்த தலை நிமிராமல் நடப்பார். திரும்பும்போது சேலைக் கரையெல்லாம் புழுதி, கைப்பை நிறையப் பானை ஓடுகள்.

யமுனைப் பாலம் ஒன்றுக்காக ஒரு மண்மேட்டின் மேல் வரவிருந்த அணுகுசாலைக்கு 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் வேலையைத் தொடங்கவிருந்த வாரம் அவரிடமிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. 'என் அறிக்கை தவறு. வேலையை நிறுத்தவும்.' போனில் கத்தினேன். அவர் நிதானமாகத் திருநெல்வேலித் தமிழில் பதில் சொன்னார்.

"நான் நடந்தது ஜூலையில சார். முழங்கால் ஒசரத்துக்குப் புல்லு. பாத்தது புல்லைத்தான், மண்ணை இல்ல. இப்ப காஞ்சு கெடக்குல்லா, மறுபடி போனேன். மேடு பூராவும் ஓடு."

யாரும் கேட்காமலே, விடுமுறை நாளில் போயிருக்கிறார். தன் அறிக்கையைத் தானே தவறென்று எழுதிய இன்னொரு அதிகாரியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

அந்தக் கடிதத்தை மேலே அனுப்பாமல் நான்கு நாட்கள் இழுப்பறையில் வைத்திருந்தேன். சாலை தாமதமானால் என் பதவி உயர்வு போய்விடும் என்ற பயம். ஐந்தாம் நாள் மனம் உறுத்தி அனுப்பினேன். அதற்குள் இயந்திரம் மேட்டின் ஒரு மூலையை வெட்டிவிட்டது. வெட்டிய இடத்தில் சுடுமண் உறைகிணறு ஒன்று பாதி மட்டும் நின்றது. மீதி லாரியில் போயிருந்தது. மேடம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கடிதம் தாமதமாக வந்தது என்று என் அறிக்கையில் எழுதியிருந்தேன். விசாரணையில், "ஏன் இவ்வளவு தாமதமாகச் சொன்னீர்கள்?" என்று மேலதிகாரி அவரைக் கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "முதலில் பார்க்கத் தவறியது நான்தான்" என்று மட்டும் சொன்னார். சாலை வளைத்துப் போடப்பட்டது, மேடு பிழைத்தது. அவரை ஆவண அறைக்கு மாற்றினார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. அதற்குப் பிறகும் கோயிலில் பார்த்தால், "சார், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று பழையபடியே கேட்பார். அதைக் கேட்கக் கூசும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கடிதத்தின் முதல் வரி. இத்தனை வருடம் அதை எழுத எனக்குத் துணிவில்லை. அவரை அறிந்த உங்கள் முன் இன்று எழுதுகிறேன். என் அறிக்கை தவறு. கோமதி மேடத்தின் கடிதம் உரிய நேரத்தில் வந்தது. அதை மறைத்து வைத்தவன் நான்.