மொட்டைத் தலையும் பெண்கள் வாசலும்

மலைப்பாதையில் வேன் ஓட்டும் தொழிலில், வளைவுக்கு அஞ்சுகிறவர்களைவிடத் தண்ணீர் குடிக்க அஞ்சுகிறவர்களே அதிகம். ஓட்டுநர் இருக்கையில் அமரும் என் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சடை வைத்த படம்

மகள் நோயிலிருந்து மீண்டதற்காகப் பழனியில் முடியிறக்கி, மறுநாளே வண்டி எடுத்தேன். காக்கிச் சட்டை, பேண்ட், தலையில் மஃப்ளர். முடியிறக்கும்போது கழற்றிய தோட்டை மாட்டவும் மறந்திருந்தேன். பெருமாள்மலையில் வழக்கமாக நிறுத்தும் கழிப்பறையில், காவலுக்குப் புதிதாக வந்த ராசாத்தி அக்கா பெண்கள் வாசலில் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினார். நான் பெண்தான் என்றேன். சளி கட்டிய குரலே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன். நீண்ட சடையோடு இருந்த படத்தை அவர் உற்றுப் பார்த்தார்.

“தங்கச்சி லைசென்ஸ வச்சுக்கிட்டா வண்டி ஓட்டுறீங்க? அந்தப் பக்கம் போங்கண்ணே.”

ஒரு பொட்டு

நாயுடுபுரத்தில் வீடு சேரும்வரை அடக்கினேன். நீர்க்கடுப்பு வந்தது. இனியும் அடக்கினால் சிறுநீரகம் பாழாகும் என்றார் மருத்துவர். வண்டியை விட்டால் வயிறு பாழாகும். அடுத்த நடையில் வந்த ஓர் ஆசிரியை, என் கதையைக் கேட்டு, கைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து என் நெற்றியில் ஒட்டினார். துடைப்பம் விலகியது.

“இத மொதல்லயே வச்சிருந்தா எனக்கு ஏங்க இந்தச் சோலி?”

பூவும் புடவையும்

மறுவாரம், கூக்கால் கிராமத்துக்குக் கல்யாணச் சமையலுக்குச் செல்லும் குழுவை ஏற்றினேன். அதில் மலர் என்ற திருநங்கையும் இருந்தார். புடவை, தலை நிறையப் பூ, என்னுடையதைவிடப் பெரிய பொட்டு. எனக்கு வழிவிட்ட ராசாத்தி அக்கா, அவருக்குத் துடைப்பத்தை நீட்டினார். எதிர்ப்பக்கம் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். மலர் திரும்பி நடந்தார். பலமுறை திரும்பிப் பழகியவரின் நடை அது.

இரவல் குடையின் கீழ் நனையாமல் நின்ற ஒருவன், மழை நியாயமாகத்தான் பெய்கிறது என்றானாம். ஒரு வாரமாக நான் அவனாகவே இருந்திருக்கிறேன். அன்பர்களே, நமக்குத் திறந்த கதவு அடுத்தவருக்கு மூடும்போது, உள்ளே போய்விடாதீர்கள்.

பொட்டைப் பிய்த்துக் கதவில் ஒட்டினேன். மலரைக் கைபிடித்து நிறுத்தி, இருவரையும் விடும்வரை நகர மாட்டேன் என்றேன். மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். சமையல்காரப் பெண்களும் எங்களோடு நின்றுவிட்டார்கள். வரிசை சாலையைத் தொட்டது. ராசாத்தி அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

“உள்ள ஆளுக்கொரு கதவு இருக்குல்ல, ரெண்டு பேரும் வெரசாப் போயிட்டு வாங்கம்மா.”

அந்தப் பொட்டு இன்னும் கதவில்தான் இருக்கிறது. பெண் என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கதவிடமே விட்டுவிட்டு, நாங்கள் இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கிறோம்.