அரை ஏக்கரைத் துன்ன மெஷின்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில்தான் ஃபோர்ட்ரான் படித்தேன். பெங்களூருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சித்தூர் ஜில்லாவே கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த காலம். பழைய மொழி அது. ஒவ்வொரு வரியிலும் முதல் ஆறு இடத்தைக் காலியாக விட வேண்டும். ஒரு காலத்தில் அட்டையில் துளை போட்டு எழுதினார்களாம், அந்த அட்டைக்கான விதி. அட்டையை எங்கள் சாரே கண்ணால் பார்த்ததில்லை. விதி மட்டும் உயிரோடு இருந்தது.

ஒரு நாள் சார் சொன்னார்: "உங்க வீட்டுக் கணக்கு ஒண்ணை ப்ரோக்ராமா எழுதுங்க. யாருது சரியா ஓடுதோ அவங்களைத்தான் பெங்களூர் இண்டர்வியூவுக்கு அனுப்புவேன்."

பாலசமுத்திரம் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் உண்டு. கூலிக்குப் போய்க்கினே எம்மார்வோ ஆபீசுக்கு, அதாவது தாசில்தார் ஆபீசுக்கு, நடையாய் நடந்து நைனா வாங்கிய பட்டா. அதற்கு முன் எங்கள் வம்சத்துக்கு ஒரு சாண் மண் கிடையாது. பள்ளிக்கூடம் போனவர்களும் இல்லை, நான்தான் முதல். அந்த அரை ஏக்கரில் எத்தனை மூட்டை வேர்க்கடலை வரும் என்று எழுதினேன். நிலத்துக்கு NILAM என்றே பேர் வைத்தேன். வேறென்ன வைப்பது?

ஓட்டினேன். நிலம் பூஜ்யம். விளைச்சலும் பூஜ்யம்.

பக்கத்து சீட்டில் இருந்த நகரிக்காரன், பவர்லூம் வீட்டுப் பையன், எட்டிப் பார்த்துச் சிரித்தான். "டேய், உன் நெலத்தை மெஷினு துன்னுட்ச்சிடா!"

சார் வந்து பார்த்துவிட்டு சாவகாசமாக விளக்கினார். இந்த மொழியில் ஒரு பேரின் முதல் எழுத்தை வைத்தே அதில் என்ன தங்கலாம் என்று முடிவு செய்துவிடுவார்களாம். I முதல் N வரை உள்ள எழுத்தில் ஆரம்பித்தால் முழு எண் மட்டும்தான். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிப் போட்டுவிடும், வாயே திறக்காது. அரையில் முழுசு ஏது?

"பேரு மார்ச்சேய்ப்பா. AREAன்னு மாத்து, சரியாப் போயிடும். எல்லாரும் இங்லீஷ்லதானே வெச்சிருக்காங்க?"

எனக்குச் சுருக்கென்றது. முதல் எழுத்தைப் பார்த்தே இவன் இவ்வளவுதான் என்று முடிவு கட்டுகிற வேலையை ஊரிலேயே பார்த்தாச்சு. அதைக் கற்றுக்கொள்ள பஸ் ஏறித் திருப்பதிக்கு வர வேண்டுமா?

"மாத்த மாட்டேன் சார். வேற வழி இல்லையா?"

"இருக்கு. மேல தனியா ஒரு வரி எழுதணும். ஆனா கம்பெனிக்காரங்க NILAMனா என்னன்னு கேப்பாங்களே. உன்னை எப்பிடி அனுப்பறது?"

"கேக்கட்டும் சார். சொல்றேன்."

நகரிக்காரன் என் சட்டையை இழுத்தான். "பேரு போனா போவுது, வேலையப் பாருடா." நான் கேட்கவில்லை. மற்ற வரிகளுக்கெல்லாம் மேலே, ஆறு இடம் தள்ளி, REAL NILAM என்று அடித்தேன். இந்தப் பேரில் பின்னமும் தங்கும் என்று அறிவிக்கிற வரி அது. மறுபடி ஓட்டினேன். அரை ஏக்கர் அப்படியே வந்து நின்றது. கீழே மூட்டைக் கணக்கு.

சார் மூட்டைக் கணக்கைச் சரிபார்த்தார். பிறகு தெலுங்கில், பிடிவாதக்காரன் என்று திட்டிவிட்டு, பெங்களூர் போகிறவர்களோடு என்னையும் சேர்த்துக்கொண்டார்.

பெங்களூரில் டை கட்டியவர் கேட்கத்தான் செய்தார். "வாட் இஸ் நிலம்?"

"எங்களோடது சார். அரை ஏக்கர்."

அந்தக் கம்பெனி என்னை எடுக்கவில்லை. அடுத்த கம்பெனி எடுத்தது. அங்கேயும் அதே ப்ரோக்ராமைத்தான் கொண்டு போய்க் காட்டினேன், பேர் மாற்றாமல்.